பள்ளிக் கூரையைச் சீரமைக்க எந்த வரியிலிருந்து பணம் வர வேண்டும்?

கேள்வி: கொங்குக் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நான் கொங்குப் பகுதியில் உள்ள ஒரு ஊராட்சியில் ஹார்டுவேர் கடை நடத்தி வருகிறேன். பெயிண்ட், பிவிசி குழாய், மின்சாதனப் பொருட்கள் ஆகியவைதான் பெரும்பாலும் விற்பனை. மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்கிறேன். வருமான வரி கட்டுகிறேன். கடைக்கும் வீட்டுக்கும் ஊராட்சிக்கு வரி செலுத்துகிறேன். அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரியும் உண்டு. சரக்கு ஏற்றும் சிறு வண்டிக்குச் சாலை வரி, அது குடிக்கும் எரிபொருளுக்கு ஒன்றிய அரசின் வரியும் மாநில அரசின் வரியும் தனித்தனியே இருக்கின்றன.

எங்கள் ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உள்ளது. அதன் பழைய கட்டடத்தின் ஓட்டுக் கூரை பல இடங்களில் பெயர்ந்துவிட்டதால், மழைக்காலத்தில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறார்கள். இதைப் பற்றிக் கேட்டபோது ஓர் அலுவலகத்தில் 'நிதி வரவில்லை' என்றார்கள். மற்றோர் அலுவலகத்தில் 'அது எங்கள் தலைப்பில் வராது' என்றார்கள். ஊர்ப் பெரியவர்களோ 'நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் டெல்லி 29 காசுதான் திருப்பித் தருகிறது, அப்புறம் எப்படிக் கூரை போடுவார்கள்' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

என்னுடைய ஐயம் இரண்டு. நான் கட்டும் இந்த வரிகளில் எது, எந்த வழியாகச் சென்று, அந்தப் பள்ளியின் கூரையை எட்ட வேண்டும்? எட்டவில்லை என்றால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை என்னைப் போன்ற ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அரசியல் வாதத்தைத் தவிர்த்து, நடைமுறை தெரிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வரி ஆலோசகர், திருச்சி

வணக்கம் ஐயா. உங்கள் கடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வரி ஆட்சியின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடுகிறது.

நீங்கள் 100 ரூபாய் மதிப்புள்ள பெயிண்டை உள்ளூர் வாடிக்கையாளருக்கு விற்கும்போது 18 ரூபாய் ஜிஎஸ்டி வாங்குகிறீர்கள். ரசீதில் அது ஒன்றிய ஜிஎஸ்டி 9 ரூபாய், மாநில ஜிஎஸ்டி 9 ரூபாய் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். நீங்கள் கொள்முதலில் ஏற்கெனவே செலுத்திய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுகிறீர்கள் என்றாலும், சங்கிலி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி வாடிக்கையாளர் கொடுத்த 18 ரூபாயும் அரசுகளைச் சென்று சேர்ந்துவிடுகிறது. மாநில ஜிஎஸ்டியான 9 ரூபாய் முழுவதும் தமிழ்நாட்டுக்கே உரியது. பெயிண்ட் குஜராத்திலிருந்து வந்திருந்தால் அங்கிருந்து வரும்போது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப்படும். ஆனால் கணக்குத் தீர்க்கும்போது மாநிலப் பங்கு, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு, அதாவது நமக்கு, வந்து சேரும். 2017 ஜூலை 1-ஆம் நாள் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் இதுதான். உற்பத்தி செய்யும் மாநிலம் என்ற முறையில் தமிழ்நாடு அதற்கு முன் பெற்றுவந்த மத்திய விற்பனை வரி அன்றோடு ஏறக்குறைய முடிந்துபோனது. அந்த இழப்பை ஈடுகட்ட, 2015-16-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி உறுதி செய்யப்பட்டது. அந்த உறுதி 2022 ஜூனோடு முடிந்துவிட்டது.

ஒன்றிய ஜிஎஸ்டியான மற்ற 9 ரூபாய், வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி ஆகியவற்றோடு சேர்ந்து, மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டிய தொகுப்புக்குப் போகிறது. ஒன்றிய வரிகளை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவதன் பரிந்துரைப்படி, 2021-22 முதல் 2025-26 வரை அந்தத் தொகுப்பில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, அதில் 4.079 விழுக்காடு தமிழ்நாட்டுக்கு. ஆகவே அந்த 9 ரூபாயில் மாநிலங்கள் அனைத்துக்கும் 3 ரூபாய் 69 காசு. அதில் நமக்குப் பதினைந்து காசு.

எரிபொருளுக்கு வந்தால் படம் மாறிவிடுகிறது. பெட்ரோலும் டீசலும் இன்றுவரை ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. 2022 மே முதல் 2025 ஏப்ரல் வரை ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் கலால் (உற்பத்தி வரி) 19 ரூபாய் 90 காசாக இருந்தது. இதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. சிறப்புக் கூடுதல் கலால் 11 ரூபாய், சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய், வேளாண் உட்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு என்பன மீதி. செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் கூடுதல் வரி) என்ற பெயரில் வாங்கப்படும் எதையும் அரசமைப்புச் சட்டத்தின் 270, 271-ஆம் பிரிவுகளின்படி மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. பகிர்வுக்கு உரிய 1.40 ரூபாயில் 41 விழுக்காடு 57 காசு. தமிழ்நாட்டின் பங்கு இரண்டேகால் காசுக்குச் சற்று மேல். 2025 ஏப்ரலில் கூட்டப்பட்ட 2 ரூபாயும் சிறப்புக் கூடுதல் கலாலில்தான் சேர்ந்தது, அடிப்படைக் கலாலில் அன்று. நிதித்துறையில் இருப்பவர்கள் செஸ் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுவே. நேர்மையாகச் சொல்வதானால், சாலை செஸ் சேரும் நிதியிலிருந்து மாநிலச் சாலைகளுக்கும் ஒரு பகுதி வருகிறது; ஆனால் அது டெல்லி ஒப்புதல் அளிக்கும் பணிகளுக்கு வருவதே தவிர, மாநிலம் தன் விருப்பப்படி செலவிடும் பணமன்று.

மாநிலத்தின் பக்கம் பார்த்தால், 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு, பெட்ரோல் மீதான தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 13 விழுக்காடும் அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று அமைந்தது. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது இது இருபது ரூபாய்க்குச் சற்று மேல் வரும், முழுவதும் மாநிலத்துக்கே. எனவே உங்கள் வண்டி, பங்கிட்டுப் பார்த்தால், டெல்லிக்கும் சென்னைக்கும் ஏறத்தாழச் சம அளவில் வரி கொடுக்கிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற கருவூல அலுவலர்

திருச்சி ஆலோசகர் பணம் எப்படி உள்ளே வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை நான் சொல்கிறேன். கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

'எந்த வரி பள்ளிக் கூரைக்குப் போகிறது' என்று கேட்டால், பதில்: எதுவும் குறிப்பாகப் போவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆம் பிரிவின்படி மாநில அரசு பெறும் வரி, கட்டணம், கடன் அனைத்தும் மாநிலத் திரள்நிதியம் என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன. மதுவிலிருந்து வந்த ரூபாயும், பத்திரப் பதிவிலிருந்து வந்த ரூபாயும், உங்கள் பெயிண்ட் டப்பாவிலிருந்து வந்த ரூபாயும் அதில் கலந்த பிறகு ஏரியில் விழுந்த மழைத்துளிகளைப் போலத்தான், எது எந்த மேகத்தினுடையது என்று பிரிக்க முடியாது. சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றாமல் அதிலிருந்து ஒரு காசையும் எடுக்க முடியாது என்பதுதான் நமக்குள்ள பாதுகாப்பு. ஆகவே வரியின் பெயரைப் பின்தொடர்வதைக் காட்டிலும் ஒதுக்கீட்டின் பெயரைப் பின்தொடர்வதே பயன் தரும். ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை எண் (சட்டமன்றத்திடம் அந்தத் துறைக்கு நிதி கேட்கும் கோரிக்கையின் எண்) உண்டு. மக்கள் நல்வாழ்வுக்கு 19, காவல் துறைக்கு 22, பள்ளிக் கல்விக்கு 43. அந்த எண்ணுக்குள் பெருந்தலைப்பு, சிறுதலைப்பு என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு செலவும் ஒரு கணக்குத் தலைப்பில் வந்து நிற்கும். அந்தத் தலைப்பில் தொகை இல்லாவிட்டால், எவ்வளவு நியாயமான செலவுப் பட்டியலாக (பில்) இருந்தாலும் சார்நிலைக் கருவூலம் அதைத் திருப்பி அனுப்பும். 'எங்கள் தலைப்பில் வராது' என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது தட்டிக்கழிக்கும் பேச்சாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் அதற்கு மிகத் துல்லியமான பொருள் உண்டு.

இனி மொத்தத் தொகையைப் பார்ப்போம். 2025 மார்ச் 14 அன்று தாக்கலான 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. இதில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி. ஒன்றிய வரிகளில் பங்கு 58,022 கோடி. ஒன்றிய அரசின் மானியங்கள் 23,834 கோடி. வரியல்லாத வருவாய் 28,818 கோடி. மூன்றில் இரண்டு பங்கு பணத்தை மாநிலம் தானே திரட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். 'டெல்லி தரவில்லை, அதனால் கூரை இல்லை' என்ற வாதம் பாதி உண்மையாக இருந்தாலும், மீதிப் பாதிக்கு நாம் சென்னையைத்தான் கேட்க வேண்டும்.

செலவுப் பக்கத்தில் வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியம் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு லட்சம் கோடியைத் தாண்டுகின்றன. வருகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 61 ரூபாய் இவற்றுக்கே. எந்தக் கட்சி ஆண்டாலும் இவற்றை ஏப்ரல் முதல் நாளிலிருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். அடுத்தது மானியங்களும் உதவித்தொகைகளும், 1,53,724 கோடி. அப்போது ஒரு கோடியே 15 லட்சம் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கிய உரிமைத் தொகை மட்டும் 13,807 கோடி. மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு 3,600 கோடி. இலவச மின்சாரமும் உணவுப் பொருள் மானியமும் உள்ளாட்சிகளுக்குச் செல்லும் பகிர்வும் இதே வகையில் அடங்கும். இவையெல்லாம் போக, அரசு தன்னிடம் உள்ள கட்டடம், கருவி, வாகனம் ஆகியவற்றை இயக்கவும் பராமரிக்கவும் வைத்திருக்கும் தொகை 16,972 கோடி. வருவாய்ச் செலவில் இது ஐந்து விழுக்காடுகூட இல்லை.

என் பணிக்காலம் முழுவதும் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பணம் போதாத ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்புதான். சம்பளத்தைக் குறைத்தால் வேலைநிறுத்தம் வரும். வட்டியைத் தவறவிட்டால் அடுத்த கடனே கிடைக்காது. உதவித்தொகையை நிறுத்தினால் தேர்தலில் தெரியும். கூரையை இந்த ஆண்டு பழுதுபார்க்காமல் விட்டால் இந்த ஆண்டு எதுவும் நடக்காது. பத்தாண்டுக்குப் பிறகு புதுக் கட்டடம் கட்ட வேண்டிவரும், அப்போது அது மூலதனச் செலவாகக் கணக்கில் ஏறி, கல்வெட்டும் திறப்பு விழாவும் பெறும். ஓடு மாற்றியதற்குக் கல்வெட்டு வைத்த ஊரை நான் பார்த்ததில்லை.

வரவுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை கடன் வாங்கி நிரப்பப்படுகிறது. மொத்த நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்ப வேண்டிய முழு இடைவெளி, 1,06,963 கோடி; மாநிலத்தின் உள்நாட்டு உற்பத்தியில் மூன்று விழுக்காடு. சாலை, அணை, கட்டடம் போன்ற மூலதனச் செலவு 57,231 கோடி. அதாவது வாங்கும் கடனில் பத்தில் நான்கு பங்கு நாளாந்தச் செலவுக்குப் போகிறது. 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை இல்லாமல் ஆக்க வேண்டும் என்று சொன்னது. சில ஆண்டுகள் உபரியும் இருந்தது. 2013-14 முதல் அது திரும்பவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்தச் சரிவை விரிவாகவே பேசுகிறது. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

இடையில் ஒரு செய்தி. ஆயத்தீர்வை (மது மீதான மாநிலக் கலால் வரி) வருவாய் 12,944 கோடி என்று திட்ட ஆவணத்தில் பார்த்துவிட்டு, மது வருமானம் அவ்வளவுதானா என்று சிலர் வியப்படைகிறார்கள். 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி. அதில் ஆயத்தீர்வை 11,020 கோடிதான், மீதமுள்ள 37,324 கோடி மதிப்புக் கூட்டு வரி. அது வணிக வரிகளின் கணக்கில் பெட்ரோலோடும் ஜிஎஸ்டியோடும் சேர்ந்து நிற்பதால் தனியே கண்ணில் படுவதில்லை. மாநிலத்தின் சொந்த வரியில் நான்கில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து, மதுவிலக்குப் பற்றி எந்த அரசும் ஏன் தயங்குகிறது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

பதில் 3: பொருளியல் ஆசிரியர், மதுரை

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் அந்த 29 காசு பற்றி மட்டும் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அது ஊர்ப் பேச்சில் ஆய்வு முடிவு போலவே நிலைத்துவிட்டது.

ஒரு மாநிலத்திலிருந்து எவ்வளவு ஒன்றிய வரி போகிறது என்பதை அவ்வளவு எளிதாக அளக்க முடியாது. நிறுவன வரி, நிறுவனம் மதிப்பிடப்படும் இடத்தில் பதிவாகிறது. தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாலும் தலைமையகம் மும்பையில் இருந்தால் அந்த வரி மகாராஷ்டிரக் கணக்கில் ஏறும். சென்னைத் துறைமுகத்தில் செலுத்தப்படும் சுங்க வரியைப் பொறுத்தவரை இது தலைகீழ். அந்தச் சரக்கை வாங்கியவர் பெங்களூரில் இருக்கக்கூடும். ஆகவே 29 காசு என்பது ஒரு தோராயக் கணக்கு, அவ்வளவே.

அதைவிட முதன்மையானது, வளர்ந்த பகுதி கொடுப்பதும் பின்தங்கிய பகுதி பெறுவதும் எந்தக் கூட்டாட்சியிலும் உள்ள ஏற்பாடு என்பது. தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்னையும் காஞ்சிபுரமும் கோவையும் தரும் வரியில்தான் இராமநாதபுரத்துக்கும் பெரம்பலூருக்கும் மருத்துவமனை நடக்கிறது. அதை நாம் அநீதி என்று சொல்வதில்லை. பதினைந்தாவது நிதிக்குழு வகுத்த அளவுகோலில் 45 விழுக்காடு எடை வருமான இடைவெளிக்கும், 15 விழுக்காடு 2011 மக்கள்தொகைக்கும், 15 விழுக்காடு பரப்பளவுக்கும், 10 விழுக்காடு காடு மற்றும் சூழலியலுக்கும் தரப்பட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு 12.5 விழுக்காடு, வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 விழுக்காடு. வரியை ஒழுங்காக வசூலித்த மாநிலத்துக்கு வெறும் இரண்டரை விழுக்காடு எடை என்பது எனக்கும் உடன்பாடில்லாதது. தமிழ்நாட்டின் பங்கு பன்னிரண்டாவது நிதிக்குழுவில் 5.305 ஆக இருந்து, பதின்மூன்றாவதில் 4.969 ஆகவும் பதினான்காவதில் 4.023 ஆகவும் இறங்கி, பதினைந்தாவதில் 4.079 ஆனது. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்களில் ஏறத்தாழ ஆறு விழுக்காட்டினர் இங்கே வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வருத்தம் நியாயமானதே.

ஆனால் என் கருத்தில் சண்டை போட வேண்டிய இடம் இந்த அளவுகோலன்று, தொகுப்பே சுருங்குவதுதான். 2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் மொத்த வரி வருவாய் 42.70 லட்சம் கோடி. மாநிலங்களுக்குப் பகிர்வு 14.22 லட்சம் கோடி. அது 41 விழுக்காடன்று, மூன்றில் ஒரு பங்கு. வசூல் செலவு போன்ற சிறு கழிவுகள் இருந்தாலும் இடைவெளியின் பெரும்பகுதி செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றால் வருகிறது. மொத்த வரியில் உண்மையாகவே 41 விழுக்காடு பகிரப்பட்டிருந்தால், இதே 4.079 விழுக்காட்டில்கூடத் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 13,000 கோடி கூடுதலாக வந்திருக்கும். அந்தத் தொகை ஓராண்டு மகளிர் உரிமைத் தொகைக்கு நிகர். பீகாரும் இதனால் இழக்கிறது, கேரளமும் இழக்கிறது. ஆகவே வடக்கு, தெற்கு என்று பிரியாமல் எல்லா மாநிலங்களும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது.

பள்ளி என்று வரும்போது இன்னொரு வகைப் பணமும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா, ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் நடப்பது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை; 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வரிப் பங்கு மாநிலத்தின் உரிமை, அதை நிறுத்த முடியாது. திட்ட நிதி நிபந்தனையோடு வருவது, அதை நிறுத்த முடியும். கருவூல அலுவலர் ஐயா கொடுத்த பட்டியலில் 58,022 கோடிக்கும் 23,834 கோடிக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

கொங்குக் கடைக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு ரூபாயில் எத்தனை காசு என்று கேட்டவனுக்கு இவ்வளவு பெரிய கணக்கு கிடைத்தது. ஆனால் இன்னும் ஓர் ஐயம் தீரவில்லை. பள்ளிக் கல்வித் துறைக்கு அதே ஆண்டில் 46,767 கோடி ஒதுக்கியதாகப் படித்தேன். அவ்வளவு பெரிய தொகையில் எங்கள் ஊர்க் கூரைக்குச் சில லட்சம் ஏன் இல்லை? அதோடு, நான் ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரிக்கும் இந்தப் பள்ளிக்கும் தொடர்பே இல்லையா?

பதில் 4: ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றியவர்

ஐயா, உங்கள் கேள்வியில் 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அந்தப் பெயரிலேயே பாதி இருக்கிறது. இவ்வகைப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு. கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. அதைக் கட்டுவதும் பராமரிப்பதும் ஊரக வளர்ச்சித் துறையின் வழியாகவே நடக்கும். கருவூல அலுவலர் ஐயா காட்டிய 16,972 கோடி அரசுத் துறைகளின் நேரடிப் பராமரிப்பு என்பதால், உங்கள் கூரை பெரும்பாலும் அதில் வராது. உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் தொகையிலோ, தனித் திட்டங்களிலோதான் வரும். எனவே 46,767 கோடியில் தேடினால் கிடைக்காது. அதன் மிகப் பெரும்பகுதி சம்பளம் என்பது வேறு. கல்வி அலுவலகத்தில் தலைப்பு இல்லை என்று சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் அலைச்சல் குறைந்திருக்கும்.

வழிகள் என்று பார்த்தால், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காடு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பகிரப்படுகிறது. அதில் ஊரகத்துக்கு 56, நகரத்துக்கு 44 என்பது ஐந்தாவது மாநில நிதி ஆணையம் வகுத்த பங்கீடு. இதில் ஊராட்சி ஒன்றியத்துக்கு வரும் பகுதி அதன் பொது நிதியில் சேரும். சிறு பழுதுக்கு இதுவே இயல்பான இடம். பெரிய பழுது, புது வகுப்பறை என்றால் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. இதற்கான பட்டியல் ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்குப் போய் அங்கே தேர்வாகும். இவை தவிரச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி உண்டு.

பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்த ஒன்றிய அரசின் மானியமும் 2025-26 வரை ஊராட்சிகளுக்கு உரியதாக இருந்தது. அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் எடுக்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் அந்த மானியத்துக்கு முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் விடப்பட்டன. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243E பிரிவு சொல்வது வெறும் சடங்குக்காக அன்று. தேர்தல் தள்ளிப்போனால் வரிப் பணமே நின்றுபோகும். 'நிதி வரவில்லை' என்று உங்களிடம் சொன்னவர் எந்த நிதியைச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். விடை இந்த இடத்தில் கிடைக்கலாம்.

உங்கள் வீட்டு வரியும் தொழில் வரியும் ஊராட்சியின் கணக்கிலேயே தங்குகின்றன. தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை அரசமைப்புச் சட்டமே வைத்திருக்கிறது. சிறு ஊராட்சிகளில் இந்த இரண்டும் சேர்ந்து தெருவிளக்குக்கும் மோட்டார் மின்கட்டணத்துக்கும் துப்புரவுப் பணிக்கும் சரியாகப் போய்விடும். நாம் கட்டும் வரிகளில் நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் செலவாவது இது ஒன்றே, மிகச் சிறியதும் இதுவே.

நடைமுறையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் கூரையின் நிலையைக் குறிப்பிட்டு ஒரு தீர்மானம் எழுதி, தலைமையாசிரியர் மூலமாக வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றுங்கள், தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் வந்து மதிப்பீடு தயாரித்தாரா என்று கேளுங்கள். மதிப்பீடு இல்லாத பணி எந்தப் பட்டியலிலும் ஏறாது. அதன் பிறகும் அசையவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகள் மட்டும் அனுப்புங்கள்: இந்தப் பள்ளிக் கட்டடத்துக்கான மதிப்பீடு எந்த நாளில் தயாரிக்கப்பட்டது, அது எந்தத் திட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளது, சென்ற மூன்று ஆண்டுகளில் ஒன்றியப் பொது நிதியிலிருந்து பள்ளிக் கட்டடப் பராமரிப்புக்குச் செலவான தொகை எவ்வளவு. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இல்லாத காரணத்தைச் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை என்று மனுவை முடித்துவிடுவார்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற கருவூல அலுவலர்

ஊரக வளர்ச்சித் துறை நண்பர் தலைப்பைத் திருத்தியது சரியே. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் உள்ளாட்சிப் பகிர்வின் பக்கமே வரும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரியில் மதிப்பீடு தயாரித்தால் ஒப்பந்தப்புள்ளி முடிவதற்குள் ஆண்டு முடிந்து, தொகை செலவாகாமல் திரும்பிவிடும். மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் குவியும் பட்டியல்களுக்கிடையே உங்கள் கூரையின் பட்டியல் இருந்தாலும் அதை யாரும் தனியே கவனிக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானம் ஏறினால், அக்டோபருக்குள் மதிப்பீடும் நிர்வாக ஒப்புதலும் கிடைக்க நேரம் இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் அக்டோபர் 2, அதையும் தவறவிட்டால் நவம்பர் 1. ஜனவரி 26 வரை தள்ளினால் அது அடுத்த ஆண்டுக்கான கோரிக்கை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.